மரம் பார்க்கிற நடையும் பறவை பார்க்கிற நடையும் ஒன்றாகுமா?

வடலி — ஜனவரி 6, இரவு 8.40

எங்கட கல்லூரி வளவின்ர பின்பக்கத் தோப்பில மாதம் ஒரு ஞாயிறு விடிய நடை வைக்க யோசிக்கிறம். வேம்பு, பூவரசு, ஆல், இலுப்பை, மருது, பாலை, கொன்றை நிக்குது. மேற்கு மதிலோட ஒரு வரிசை பனை. என்ர கருத்தை முதலே சொல்லுறன்: மர நடையையும் பறவை நடையையும் ஒன்றாக்கக்கூடாது. மரம் பார்க்கிறவர் ஒரு இலையோட கால் மணித்தியாலம் நிப்பார், பறவை பார்க்கிறவர் அதுக்குள்ள மூன்று மரம் தாண்டிவிடுவார். கடைசியில ரெண்டு பகுதியும் மனக்குறையோடதான் வீட்ட போகும். வேற வேற நாள் வைக்கிறதுதான் சரி. மறுப்பு இருந்தால் எழுதுங்கோ.

கதியால் — ஜனவரி 6, இரவு 10.15

மறுப்பு இருக்கு, தம்பி. ஒரே விடியலில் வைக்கலாம். மரம் ஓடாது, பறவை நிக்காது. ஆகவே முதல் ஒரு மணித்தியாலத்தைப் பறவைக்குக் குடுங்கோ, வெயில் ஏற மரத்துக்குத் திரும்புங்கோ.

நேரம்: "காலை 6 மணி" என்று வருஷம் முழுக்க ஒரே அறிவித்தல் போடவேண்டாம். தை கடைசியில் யாழ்ப்பாணத்தில் சூரியன் எழும்ப 6.25 தாண்டும், வைகாசியில் 5.50 அளவில் எழும்பிவிடும். சூரியன் எழும்பி 10 நிமிஷத்துக்குள் ஆட்கள் தோப்புக்குள் நிக்கவேணும். 8.30க்குப் பிறகு பறவைகள் நிழலுக்குள் போய்ச் சத்தத்தையும் குறைத்துவிடும்.

திசை: விடிய வெயில் முதுகில் விழவேணும். எதிர்வெயிலில் பார்த்தால் மாங்குயிலும் கறுப்பு, மைனாவும் கறுப்பு. உங்கட பனை வரிசை மேற்கு மதிலில் என்றால் கிழக்குப் பக்கத்தில் தொடங்கி மேற்கே வாருங்கோ. பனைக்கு வந்து சேர வெளிச்சம் நேரே ஓலையில் அடிக்கும்.

தூரம்: நடை என்று பேர் வைத்தாலும் நடக்கிறது குறைவாகத்தான் இருக்கவேணும். 700 மீற்றர், 8 இடத்தில் நிற்பு, இரண்டு மணித்தியாலம். ஆல் பழுத்திருந்தால் அதுக்குக் கீழ் மட்டுமே 20 நிமிஷம் நிக்கலாம். முதல் ஐந்து நிமிஷம் ஒருத்தரும் கதைக்கக்கூடாது. குக்குறுவான், குயில், மைனா, கொண்டைக்குருவி எல்லாம் தாங்களாக வரும். கறுப்பாக இருக்கிற குயில் ஆண், மண்ணிறத்தில் வெள்ளைப் புள்ளி போட்டது பெண். இரண்டும் ஒரே கிளைக்கு வந்தால் விளக்கம் சொல்லத் தேவையே இல்லை. பிறகு கீழே விழுந்த பழம் ஒன்றை எடுத்து நகத்தால் இரண்டாகப் பிளவுங்கோ. ஆல் பூக்கிறதில்லை என்று நினைக்கிற ஆளுக்கு பூ முழுக்க அந்தப் பழத்துக்குள்தான் என்று தெரியும். உள்ளே சின்னக் குளவியும் கிடக்கும், மகரந்தச் சேர்க்கை அதன் வேலை. பறவைக்காரரும் மரக்காரரும் அந்த ஒரு பழத்தில் சந்திக்கிறார்கள். இப்படி இரண்டு பகுதிக்கும் வேலை குடுக்கிற மரங்களை மட்டும் தெரிவுசெய்யுங்கோ. தோப்பில் நிக்கிற எல்லாவற்றுக்கும் பேர் சொல்ல வெளிக்கிட்டால் நீங்கள் பயப்பிடுகிறதுதான் நடக்கும்.

கதியால் — ஜனவரி 6, இரவு 10.31

விட்டுப்போனது. ஒரு வழிகாட்டிக்கு 12 பேர், ஆகக்கூட 15. அதுக்கு மேல் போனால் பின்னுக்கு நிக்கிறவருக்குக் கேளாது, கேளாதவர் பக்கத்து ஆளோட கதைப்பார், பறவை போய்விடும். பிள்ளையள் என்றால் 12 பேருக்கு இரண்டு பெரிய ஆட்கள், ஒருத்தர் கட்டாயம் கடைசியில் வரவேணும்.

முசுறு — ஜனவரி 7, காலை 7.05

பறவை ஆக்களுக்கு நிறையச் சொல்லியிருக்கிறீங்கள், பைனோகுலர் பற்றி ஒன்றும் இல்லையே? வளவில இருக்கிற மரங்கொத்தி பற்றியும் கேட்கவேணும். இங்க முதுகு பொன் நிறம், கொழும்பில கண்டது இரத்தச் சிவப்பு. ஒன்று ஆண், மற்றது பெண் என்றுதான் பிள்ளையளுக்குச் சொல்லுறம். சரியோ?

கதியால் — ஜனவரி 7, இரவு 9.20

மரங்கொத்தி முதலில், ஏனென்றால் அந்த விளக்கம் பிழை. இரண்டும் வேறு வேறு இனம். சிவப்பு முதுகு உள்ளது டைனோப்பியம் சரோடிஸ், இலங்கைக்கு மட்டும் உரியது, தீவின்ர பெரும்பகுதியில் அதுதான். வடக்கில் இருக்கிறது டைனோப்பியம் பெங்காலென்ஸ், இந்தியாவில் பரவலாக உள்ள பொன்முதுகு. அதில் எங்கட துணையினத்தின்ர பேரே ஜாஃப்னென்ஸ். யாழ்ப்பாணத்தின்ர பேர் தாங்கின பறவை உங்கட பனையில் கொத்துகிறது என்று பிள்ளையளுக்குச் சொல்லுங்கோ, மறக்காயினம். இரண்டு இனமும் சந்திக்கிற வலயத்தில் கலப்பும் உண்டு, அங்கே செம்மஞ்சள் முதுகும் காணலாம்.

ஆண் பெண் பார்க்க முதுகைப் பார்க்காமல் நெற்றியைப் பார்க்கவேணும். ஆணுக்கு நெற்றியிலிருந்து கொண்டை வரை முழுச் சிவப்பு. பெண்ணுக்கு முன்நெற்றி கறுப்பு, அதில் வெள்ளைப் பொட்டு, பின்கொண்டை மட்டும் சிவப்பு. தொண்டை இரண்டுக்கும் கறுப்பு, வெள்ளைப் புள்ளியோட.

வடக்கில் நடை வைக்கிறவருக்கு இன்னும் சில வாய்ப்பு இருக்கு. உடம்பு முழுக்கக் கறுப்பான இரட்டைவால் குருவி, பின்கழுத்தில் அரைவட்டக் கறுப்புக் கோடு போட்ட வெளிறிய புறா, கவுதாரி, மூன்றும் இலங்கையில் வடக்கையும் உலர்ந்த கரையோரத்தையும் விட்டால் அரிது. கொழும்பிலிருந்து பறவை பார்க்க வருகிற ஆட்கள் தேடுகிறதும் இவற்றைத்தான். நாங்கள் மதிலில் இருக்கிறதைத் திரும்பியும் பாராமல் போகிறம்.

பைனோகுலர்: 8×42 வாங்குங்கோ. 8 என்றது எத்தனை மடங்கு கிட்ட வருகிறது என்பது, 42 என்றது முன்வில்லையின் விட்டம், மில்லிமீற்றரில். 42ஐ 8ஆல் பிரித்தால் 5.25, அது கண்ணுக்கு வருகிற ஒளிவட்டத்தின்ர அளவு. விடியற்காலையில் அந்த அளவு உதவும். 10 மடங்கு வேண்டாம், கைநடுக்கமும் 10 மடங்காகும், புதியவர் பறவையைப் பிடிக்கமாட்டார். கண்ணாடி போடுகிறவர் கண்வளையத்தை உள்ளே திருப்பிவிடவேணும், இல்லாட்டி சின்ன வட்டம்தான் தெரியும். பழக்க ஒரே ஒரு விதி: கண்ணைப் பறவையிலிருந்து எடுக்காமல் பைனோகுலரை முகத்துக்குக் கொண்டுவரவேணும். குனிந்து கருவியைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் கிளை தொலைந்துபோகும்.

இடம் காட்ட "அந்தா, அங்க" என்றால் ஒருத்தரும் காணார். மரத்தை மணிக்கூடாக நினைத்து "ஆலில் இரண்டு மணிப் பக்கம், காய்ந்த கிளைக்குக் கீழ்" என்று சொல்லப் பழக்குங்கோ.

வடலி — ஜனவரி 9, மாலை 6.10

ஒத்துக்கொள்ளுறன், ஒழுங்கை மாற்றினால் சேர்த்து வைக்கலாம் போலத்தான் இருக்கு. அடுத்த பிரச்சினை பெயர்த் தகடு. இப்ப சில மரத்தில ஆணி அடிச்சுத் தகடு பூட்டியிருக்கு, பாதித் தகட்டைப் பட்டை விழுங்கிவிட்டது. கம்பியால கட்டலாமோ?

கதியால் — ஜனவரி 9, இரவு 9.50

கம்பி ஆணியை விடப் பொல்லாதது. மரம் வருஷா வருஷம் பருக்கும், கம்பி இளகாது. பட்டைக்குள் இறங்கி, இலையில் செய்த உணவு வேருக்குப் போகிற வழியை நெரிக்கும். இரண்டு மூன்று வருஷத்தில் கம்பிக்கு மேலே வீங்கும், பிறகு மரம் சோரும். நைலோன் கயிறு பாவியுங்கோ.

பழைய ஆணித் தகட்டை இழுத்துக் கழற்றவேண்டாம். பட்டை விழுங்கின பகுதியை விட்டுவிட்டு வெளியில் தெரிகிறதை மட்டும் வெட்டி எடுங்கோ.

கதியால் — ஜனவரி 10, காலை 6.20

நைலோன் என்று இரவு எழுதினதைத் திருத்துறன். வெயிலில் கிடந்து உக்கி அறுகிறவரைக்கும் அதுவும் கம்பி மாதிரியே இறுக்கும். சரியான முறை இரண்டு.

சின்ன மரத்துக்கு: மரத்தைத் தொடவே வேண்டாம். 60 சென்ரிமீற்றர் இரும்புக் கம்பியை அடிமரத்திலிருந்து ஒரு முழம் தள்ளி நிலத்தில் இறக்கி, அதில் தகட்டைப் பூட்டுங்கோ. 20 சென்ரிமீற்றர் ஆழம் போதும். எங்கட செம்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல் மேலாகக் கிடக்கிற இடத்தில் கம்பி இறங்காது, அங்கே நாலு விரல் உயரக் கொங்கிறீற் கட்டை வார்த்துக்கொள்ளுங்கோ.

பெரிய மரத்துக்கு: துருப்பிடியாத திருகாணி இரண்டு, தகட்டுக்கும் பட்டைக்கும் நடுவில் சுருள்வில் வைத்து, 2 சென்ரிமீற்றர் இடைவெளி விட்டு. மரம் பருக்கத் தகடு வில்லோட வெளியே தள்ளுப்படும். வருஷத்துக்கு ஒருக்கால், மழை விட்ட பிறகு, திருகாணியை அரைச்சுற்று இளக்கவேணும். அதைச் செய்ய ஆள் இல்லாத வளவில் இந்த முறை வேண்டாம், கம்பித் தூணோட நில்லுங்கோ.

தகடு: குளிர்பானத் தகரப்பேணியை வெட்டி விரித்து, மடித்த பழைய பேப்பரில் வைத்து, மை முடிந்த குமிழ்முனைப் பேனையால் அழுத்தி எழுதுங்கோ. அலுமினியத்தில் பள்ளமாகப் பதியும், வெயிலுக்கும் மழைக்கும் அழியாது. பெயின்ற் எழுத்து இரண்டு மாரிக்கே உரியும். வெட்டின விளிம்பை உள்ளுக்கு மடியுங்கோ, பிள்ளையளின்ர விரல் கவனம்.

முசுறு — ஜனவரி 10, பகல் 1.15

பனைக்கும் இதேதானோ?

கதியால் — ஜனவரி 10, இரவு 8.05

இல்லை, பனைக்கு எல்லாம் நேர்மாறு. பனை வருஷா வருஷம் பருக்கிற மரம் இல்லை. பூவரசு, வேம்பு மாதிரிப் பட்டைக்குக் கீழ் மரத்தைப் பருக்கவைக்கிற வளர்படை அதுக்குக் கிடையாது. ஆகவே ஆணி அடித்தால் அந்த ஓட்டை ஒருநாளும் மூடாது, தண்ணி இறங்கும். அதேநேரம் வளையம் போட்டால் நெரியாது. மற்ற மரத்துக்கு ஆகாத கம்பி வளையம் பனைக்கு ஆகும். ஆனால் கள்ளுச் சீவுகிற பனைக்கு ஒன்றும் கட்டாதேங்கோ. காலில் மாட்டுகிற தளநாரோட ஏறுகிறவரின்ர காலிலும் நெஞ்சிலும் கம்பி கிழிக்கும்.

சுற்றளவு அளக்கிற பயிற்சி வைக்கிறவர் கவனிக்கவேண்டியதும் இதுதான். நிலத்திலிருந்து 1.3 மீற்றர் உயரத்தில் நாடா பிடித்து, வந்ததை 3.14ஆல் பிரித்தால் விட்டம். வேம்பில் அளந்து வருஷா வருஷம் ஒப்பிடலாம். பனையின்ர சுற்றளவை வைத்து வயது சொன்னால் பிழை, 20 வயதுப் பனையும் 80 வயதுப் பனையும் ஒரே பருமனாக நிக்கும்.

படலை — ஜனவரி 12, காலை 10.30

தகட்டில என்ன எழுதுறது? தமிழ்ப் பேர் மட்டும் போதாதோ? எங்கட பிள்ளையளுக்கு லத்தீன் எதுக்கு?

கதியால் — ஜனவரி 12, இரவு 9.40

ரீச்சர், தமிழ்ப் பேர் பெரிய எழுத்தில் முதலில் வரட்டும், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அது மட்டும் போதாது. செண்பகம் என்றால் எங்களுக்குச் சிவந்த கண்ணும் செங்கபில இறகும் உள்ள பறவை, தமிழ்நாட்டில் அதைச் செம்போத்து என்பார்கள். செண்பகம் பூமரமும்தான். பாலை என்றால் எங்களுக்குப் பழம் தின்று உதடு ஒட்டுகிற மரம், அறிவியற்பேர் மனில்கறா. தமிழ்நாட்டில் வெட்பாலையையும் பாலைக் கணக்கில் சேர்ப்பார்கள், அது வேறு குடும்பம். கிளுவைக்கும் சீமைக்கிளுவைக்கும் பேரில்தான் உறவு. கிளுவையின்ர பட்டை கடதாசி மாதிரி உரியும், கீழே பச்சை தெரியும், இலையைக் கசக்க வாசம் வரும். சீமைக்கிளுவை மத்திய அமெரிக்காவிலிருந்து வந்த அவரைக் குடும்பம், தை மாசியில் இலை கொட்டி இளஞ்சிவப்பாகப் பூக்கும். இரண்டும் வேலிக் கதியாலாக நிக்கிறதால் ஒரு பேர் ஒட்டிக்கொண்டது.

ஆகவே தகட்டில் நாலு வரி: ஊர்ப்பேர், அறிவியற்பேர், குடும்பம், சொந்த இடம். நட்ட வருஷம் பதிவில் இருந்தால் மட்டும் ஐந்தாவது. வயதை மதித்து எழுதவேண்டாம்.

வேம்பையும் மலைவேம்பையும் தகட்டில் மாற்றி எழுதுகிறது வழக்கமான பிழை. வேம்பின்ர இலை ஒருமுறைதான் பிரியும், சிற்றிலை கோணலாக, அரிவாள் போல வளைந்து, விளிம்பு பல்லுப் பல்லாக இருக்கும். மலைவேம்பில் இலைக்காம்பு பிரிந்து, பிரிந்தது திரும்பவும் பிரியும்.

முசுறு — ஜனவரி 12, இரவு 10.05

கைவில்லை (பூதக்கண்ணாடி) குடுத்தால் பிள்ளையள் வெயிலில பேப்பர் எரிக்கத்தான் பாவிக்குதுகள்!

கதியால் — ஜனவரி 13, காலை 6.45

அப்ப முதல் நிமிஷமே பூவரசு இலை ஒன்றைக் கையில் குடுத்துவிடுங்கோ. 10 மடங்கு வில்லையைக் கண்ணோட ஒட்டிப் பிடித்து, இலையை வில்லைக்கு 2.5 சென்ரிமீற்றர் கிட்டக் கொண்டுவரவேணும். வில்லையை இலையில் வைத்துத் தூரத்திலிருந்து பார்த்தால் மங்கல்தான். இலையின்ர கீழ்ப்பக்கம், காம்பு சேருகிற இடத்தில் நடுநரம்பின் அடியில் ஒரு சின்னப் பிளவு தெரியும். அது தேன் சுரக்கிற சுரப்பி. அதில் எறும்பு நிக்கிறதைக் கண்ட பிள்ளை பேப்பரை மறந்துபோகும். அதே மரத்தில் பூவையும் காட்டுங்கோ. இன்று விரிந்தது மஞ்சள், உள்ளே கருஞ்சிவப்புக் கண். கீழே விழுந்து கிடக்கிறது ஊதா கலந்த சிவப்பு. இரண்டு வகைப் பூ என்று சொல்லும் பிள்ளைக்கு அது ஒரே பூவின்ர இரண்டு வயது என்று விளக்குங்கோ.

படலை — ஜனவரி 15, இரவு 7.30

பாதுகாப்புப் பற்றி ஒருத்தரும் எழுதேல்லை. பெற்றோர் முதல் கேட்கிறது அதைத்தான்.

கதியால் — ஜனவரி 15, இரவு 9.10

முந்தின நாள் பின்னேரம் வழியை ஒருக்கால் நடந்து பார்க்கிறது கட்டாயம். பார்க்கவேண்டியவை:

சருகும் கல்லும் குவிந்த இடத்தில் சுருட்டை விரியன். குடாநாட்டு வரண்ட நிலத்தில் அது தாராளம், மண்ணோட மண்ணாகக் கிடக்கும். ஆகவே மூடின சப்பாத்து, பாதையை விட்டு இறங்கக்கூடாது, கல்லைப் புரட்டக்கூடாது. தாழ்ந்த கிளையில் இலையைத் தைத்த முசுற்று எறும்புக் கூடு. தொட்டால் அரிக்கிற காஞ்சோண்டி படர்ந்த வேலி. குன்றிமணி: விதை அழகு, கடித்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து, பொறுக்க விடவேண்டாம். எருக்கலைப் பால் கண்ணில் படக்கூடாது. பார்த்தீனியத்தை வெறுங்கையால் பிடுங்கக்கூடாது, இலை கரட் இலை மாதிரி, பூ சின்ன வெள்ளை, தோல் தடிக்கும், சிலருக்கு இழுப்பும் வரும்.

பறவைப் பக்கத்துக்கும் விதி வேணும். கூடு கண்டால் கை நீட்டிக் காட்டவேண்டாம், நிக்கவும் வேண்டாம். காகம் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும், நீங்கள் போகத் தான் போய் எடுக்கும். போனில் குரல் போட்டுப் பறவையை அழைக்கிறது கூடாது. தன்ர எல்லைக்குள் எதிரி வந்துவிட்டான் என்று அது கூட்டை விட்டு வரும். கூடு, முட்டை எடுக்கிறதை 1937ஆம் ஆண்டு வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமே தடுக்கிறது.

உழவாரன் — ஜனவரி 18, காலை 9.00

குரல் அறிகிற செயலியைக் கேட்க மட்டும் பாவிக்கலாம்தானே? மற்றது மண்டைதீவுப் பக்கம் பூநாரை இறங்கியிருந்தால் நடையை அங்க கொண்டுபோகலாமோ?

கதியால் — ஜனவரி 18, இரவு 8.50

செயலி காட்டுகிற பேரைச் சந்தேகமாக எடுங்கோ, சாட்சியாக எடுக்கவேண்டாம். கண்ணால் கண்டதைத்தான் பட்டியலில் எழுதலாம், அல்லது அந்தக் குரல் உங்களுக்கே பழக்கமாக இருக்கவேணும். காதும் ஏமாறும். விடாமல் கீச்சிடுகிற "குருவி" பாதி நேரம் அணில்தான். அணில் ஒரே இடத்தில் நின்று வாலை உதறிக் கத்தினால் அந்தத் திசையைப் பாருங்கோ, பாம்போ பூனையோ வல்லூறோ இருக்கும். புலுனி (தவிட்டுக்குருவி) கூட்டமும் சேர்ந்து கத்தினால் நிச்சயம்.

பூநாரை வேறு நடை. கடல்நீரேரிக்கு முக்காலியில் வைக்கிற 20 முதல் 60 மடங்குத் தொலைநோக்கி வேணும், நிழல் இல்லை, மரமும் இல்லை. அதைத் தோப்போட கலக்கவேண்டாம்.

ஆறுமணிக்குருவி பற்றி ஒருத்தரும் கேட்கேல்லை, நானே சொல்லுறன். ஐப்பசி அளவில் இந்தியாவிலிருந்து வரும், சித்திரைக்குள் திரும்பிவிடும். விடியவும் பொழுதுபடவும் கூப்பிடும், பகலில் சருகைக் கிளறிக்கொண்டு மௌனம். ஆகவே தை, மாசி நடையில் மட்டும் தொடக்கத்தை 15 நிமிஷம் முந்திவைத்து, இலுப்பைக்குக் கீழ் சருகு கூட்டாத மூலையில் நில்லுங்கோ. தோட்டக்காரரிடம் அந்த மூலையைக் கூட்டவேண்டாம் என்று முதலே சொல்லிவையுங்கோ. சருகு போனால் புழு இல்லை, புழு இல்லாட்டிக் குருவியும் இல்லை.

வடலி — ஜனவரி 21, மாலை 5.40

முதல் நடை 28ஆம் திகதி என்று முடிவெடுத்திட்டம். அதுக்கு முதல் வளவைத் துப்புரவாக்கக் காவோலை எல்லாம் வெட்டி, தலை இல்லாமல் பட்டு நிக்கிற பனை ஒன்றையும் தறிக்கச் சொல்லுகினம். பாதைக்குக் கிட்டவாம், விழுந்துவிடுமாம்.

கதியால் — ஜனவரி 21, மாலை 6.02

நிப்பாட்டுங்கோ! பட்ட பனைதான் அந்த வளவின்ர முதல்தரக் குடியிருப்பு. மரங்கொத்தி ஓட்டை போடும், அது விட்டுப்போனதில் மைனாவும் பச்சைக்கிளியும் குடியேறும். காவோலையின்ர அடிப்பக்கத்தில் பனை உழவாரன் குருவி எச்சிலால் இறகை ஒட்டிக் கூடு வைக்கும், வௌவாலும் தொங்கும். எல்லாக் காவோலையையும் ஒரே நாளில் இறக்கினால் 28ஆம் திகதி பனையடியில் காட்ட ஒன்றும் இராது. பாதைக்கு மேலே தொங்குகிறதை மட்டும் இறக்கச் சொல்லுங்கோ.

பட்ட பனை விழுந்தால் பாதையில் படுமோ என்று அளந்து பார்க்கலாம். கண்ணிலிருந்து நீட்டின கை வரை எவ்வளவோ அதே நீளத் தடி ஒன்றை எடுத்து, கையை நீட்டி நெட்டாகப் பிடித்து, தடியின்ர அடி பனையின் அடியோடும் நுனி பனையின் நுனியோடும் பொருந்துமட்டும் பின்னுக்குப் போங்கோ. பொருந்தின இடத்திலிருந்து பனை வரை உள்ள தூரம்தான் பனையின் உயரம்.

வடலி — ஜனவரி 22, மாலை 6.30

அளந்தம். உயரம் 9 மீற்றர், பாதை 13 மீற்றர் தள்ளி. மேலே மூன்று ஓட்டை.

கதியால் — ஜனவரி 22, மாலை 6.48

அப்ப பாதைக்கு எட்டாது. அடியில் தட்டிப் பார்த்து, பொக்கையாகக் கேட்டால் 10 மீற்றர் சுற்றுக்குக் கயிறு கட்டிவிடுங்கோ. நாளைக்குப் பின்னேரம் 4.30 தொடக்கம் 6 மணி வரை பாதையில் இருந்தே பாருங்கோ, எந்த ஓட்டைக்குள் எது போகுது, எது தலை நீட்டுது என்று எழுதிவையுங்கோ. 28ஆம் திகதி கடைசி நிற்பு அதுதான்.